மனாவுஸ், 1993: ஆயாஹுவாஸ்கா குடித்துவந்த 15 பேரின் உடலும் மனமும்

ஆயாஹுவாஸ்கா என்பது அமேசான் காட்டுச் செடிகளைக் கொதிக்கவைத்து எடுக்கும், காட்சிகளை எழுப்பும் பானம். அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு அது சர்வரோக நிவாரணி, இன்னொரு கட்சிக்குப் பைத்தியம் பிடிக்கவைக்கும் கஷாயம். இரண்டு பக்கமும் அவரவர் வசதிக்கு எடுத்துக்காட்டும் ஆய்வு ஒன்று உண்டு. பிரேசிலின் மனாவுஸ் நகரில் 1993இல் நடந்த 'ஹோவாஸ்கா ஆய்வுத் திட்டம்' அது. அதில் பங்கேற்றவர்களின் பெயர்கள் வெளியிடப்படவில்லை. ஆய்வு எப்படித் தொடங்கியது, என்ன கண்டார்கள், எங்கே சறுக்கியது என்பதை வரிசையாகப் பார்க்கலாம்.

பின்னணி

பிரேசில்-பொலிவியா எல்லைக் காட்டில் ரப்பர் பால் இறக்கிப் பிழைத்துவந்தவர் ஜோசே கப்ரியேல் தா கோஸ்தா. அவர் 1961இல் அங்கேயே ஒரு சமயக் குழுவைத் தொடங்கினார். அமேசான் பழங்குடிகள் நெடுங்காலமாகக் குடித்துவந்த பானம்தான் அந்தக் குழுவின் வழிபாட்டுக்கு மையம். 1965இல் குழு போர்ட்டோ வெல்யோ நகரத்துக்கு வந்தது. பிறகு பெருநகரங்களுக்கும் பரவி, படித்தவர்கள், அரசு ஊழியர்கள், டாக்டர்கள் என்று எல்லாத் தரப்பினரும் சேர்ந்தார்கள். குழுவின் பெயர் யூனியாவ் தோ வெஜெட்டல், சுருக்கமாக யூ.டி.வி. ஆயாஹுவாஸ்காவை அவர்கள் ஹோவாஸ்கா என்பார்கள். மாதத்தின் முதல், மூன்றாம் சனிக்கிழமைகளில் இரவு 8 மணிக்குக் கூடி, பானத்தைக் குடித்துவிட்டு நாற்காலிகளில் உட்கார்ந்து, பாட்டும் கேள்வி-பதிலுமாக நள்ளிரவு தாண்டி 12.15 வரை இருப்பார்கள். ஆட்டமோ ஆரவாரமோ கிடையாது, ஏறக்குறைய ஒரு பிரசங்கக் கூட்டம்தான்.

1985இல் பிரேசில் அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இந்தப் பானத்துக்குப் பயன்படும் கொடிச் செடியைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. யூ.டி.வி. முறையிட்டது. அரசு அமைத்த குழு கோவில்களுக்கே போய்ப் பார்த்து விசாரித்து, சமயப் பயன்பாட்டில் தீங்கு தென்படவில்லை என்றது. 1987இல் தடை முழுமையாக நீங்கியது. ஆனால் அந்த அனுமதி எப்போது வேண்டுமானாலும் பறிபோகலாம் என்ற பயம் போகவில்லை. யூ.டி.வி.யில் இருந்த டாக்டர்கள் 1991இல் சாவ் பாவ்லோவில் ஒரு மாநாடு நடத்தி, வெளிநாட்டு ஆய்வாளர்களை அழைத்து, எங்களையே பரிசோதித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள்.

இதை இங்கேயே குறித்து வைத்துக்கொள்வது நல்லது. ஆய்வைக் கேட்டது, ஆட்களைக் கொடுத்தது, இடம் கொடுத்தது எல்லாமே முடிவில் அக்கறை உள்ள தரப்புதான். அதனால் ஆய்வு பொய் என்றாகிவிடாது. ஆனால் எந்தெந்த இடத்தில் கூர்ந்து படிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது.

அந்த மாநாட்டுக்குப் போன அமெரிக்கத் தாவர வேதியியலாளர் டென்னிஸ் மெக்கென்னாதான் திட்ட வரைவை எழுதினார். அமெரிக்க அரசின் நிதி கிடைக்க வாய்ப்பில்லை என்று அவர் கணக்குப் போட்டார், அது சரியான கணக்கே. தனியார் நன்கொடையில் திட்டம் நடந்தது. மனநல மருத்துவர் சார்லஸ் க்ரோப் தலைமையில் உளவியல் பகுதியும், ஃபின்லாந்தின் குவோபியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேஸ் கால்வே பொறுப்பில் ரத்தப் பரிசோதனைகளும், பிரேசில் டாக்டர்களின் உதவியும் என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். 1993இன் நடுப்பகுதியில் மனாவுஸில் களப்பணி நடந்தது.

பானத்துக்குள் என்ன இருக்கிறது

இரண்டு செடிகள். ஒன்று பானிஸ்டீரியாப்சிஸ் காப்பி என்ற முரட்டுக் கொடி, அதை அடித்து நாராக நசுக்குவார்கள். இன்னொன்று சைக்கோட்ரியா விரிடிஸ் என்ற, காப்பிச் செடிக் குடும்பத்தைச் சேர்ந்த புதரின் இலை. இரண்டையும் சேர்த்துப் பல மணி நேரம் கொதிக்கவைத்துச் சுண்டவிட்டால் பழுப்பு நிறத்தில், குமட்டும் கசப்போடு ஒரு திரவம் கிடைக்கும்.

காட்சிகளை எழுப்பும் டி.எம்.டி. என்ற வேதிப்பொருள் இலையில் இருக்கிறது. ஆனால் இலையை மட்டும் கொதிக்கவைத்துக் குடித்தால் ஒன்றும் ஆகாது. குடலிலும் கல்லீரலிலும் உள்ள மோனோஅமைன் ஆக்சிடேஸ்-ஏ என்ற நொதி அதை அங்கேயே உடைத்துவிடும். கொடியில் உள்ள ஹார்மினும் ஹார்மலினும் அந்த நொதியைச் சில மணி நேரம் முடக்கிவைக்கின்றன. டி.எம்.டி. தப்பித்து மூளைக்குப் போய் 5-எச்.டி.2ஏ எனப்படும் ஏற்பிகளில் உட்காருகிறது. நரம்பணுக்களுக்கிடையே சேதி கடத்தும் செரோடோனின் என்ற பொருள் வழக்கமாக உட்காரும் இடங்கள் அவை. கொடியில் மூன்றாவதாக டெட்ராஹைட்ரோஹார்மின் என்ற பொருளும் உண்டு. நரம்பணுக்கள் செரோடோனினைத் திரும்ப உறிஞ்சிக்கொள்வதை அது லேசாகத் தடுக்கும். கதையின் பிற்பகுதியில் இதற்கு வேலை இருக்கிறது.

எடுத்த முடிவுகள்

யாரைச் சோதிப்பது என்பதுதான் முதல் முடிவு. யூ.டி.வி.யில் குறைந்தது பத்தாண்டு உறுப்பினராக இருந்து, தவறாமல் கூட்டங்களுக்கு வந்துகொண்டிருந்த 15 ஆண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். நீண்டகாலம் குடித்தால் மூளைக்கும் புத்திக்கும் சேதம் வருமா என்பதுதான் அரசின் கேள்வி, எனவே நீண்டகாலம் குடித்தவர்களைப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. பெண்கள் ஒருவர்கூடச் சேர்க்கப்படவில்லை. கோவில்களில் பெண்களும் குடிக்கும்போது இது பெரிய ஓட்டை.

ஒப்பீட்டுக்கு, அதே வயதுடைய, இந்தப் பானத்தைத் தொட்டே பார்க்காத 15 ஆண்கள். பலர் அந்த உறுப்பினர்களின் நண்பர்கள் அல்லது கூடப் பிறந்தவர்கள். ஒரே ஊர், ஒரே மாதிரி வேலை, ஒரே சாப்பாடு. சின்ன ஆய்வுக்கு இது கெட்டிக்காரத்தனமான தேர்வு. உணவாலும் தட்பவெப்பத்தாலும் வரும் வேறுபாடுகள் இதனால் பெருமளவு அடைபட்டுப்போயின.

அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 2 மி.லி. பானத்தை ஆய்வகத்தில் அளந்தபோது ஒவ்வொரு மி.லி.யிலும் டி.எம்.டி. 0.24 மி.கி., ஹார்மின் 1.70 மி.கி., டெட்ராஹைட்ரோஹார்மின் 1.07 மி.கி., ஹார்மலின் 0.20 மி.கி. இருந்தது. 74 கிலோ எடையுள்ள ஒருவர் 148 மி.லி. குடிப்பார், அதாவது சுமார் 35 மி.கி. டி.எம்.டி.யும் 250 மி.கி. ஹார்மினும் உள்ளே போகும். போலி மருந்து கொடுக்கவில்லை. பத்தாண்டாக மாதம் இருமுறை குடித்தவருக்கு முதல் வாயிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும், அதனால் அதில் அர்த்தமில்லை என்று விட்டிருக்கலாம். ஒப்பீட்டுக் குழுவுக்குப் பானமே கொடுக்கவில்லை.

உடலில் கண்டது

கையில் ரத்தம் எடுக்கும் குழாயைச் செருகிவைத்து, குறித்த நேரங்களில் ரத்தம் எடுத்து, கூடவே நாடி, ரத்த அழுத்தம், மூச்சு, கண்மணி எல்லாவற்றையும் அளந்தார்கள். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய பகுதி இதுதான். முழு ஆய்விலும் சர்ச்சைக்கு இடமில்லாத தரவு இங்கேதான் இருக்கிறது.

நாடித்துடிப்பு சராசரியாக நிமிடத்துக்கு 71.9இலிருந்து 79.3க்கு ஏறியது, அதுவும் 20ஆம் நிமிடத்திலேயே. இரண்டு மணி நேரத்தில் 64.5 ஆகி, தொடங்கிய இடத்தைவிடக் கீழே போய்விட்டது. ரத்த அழுத்தம் 126/83 என்ற அளவிலிருந்து 40ஆம் நிமிடத்தில் 137/92ஐத் தொட்டு, மூன்று மணி நேரத்துக்குள் இறங்கியது. கண்மணி 3.7 மி.மீ.யிலிருந்து 4.7க்கு விரிந்து, மூன்று மணி நேரமானபோதும் விரிந்தே இருந்தது. உடல் வெப்பம் 37.0 டிகிரியிலிருந்து 37.3, அவ்வளவுதான். ப்ரோலாக்டின், கார்ட்டிசோல், வளர்ச்சி ஹார்மோன் மூன்றும் தற்காலிகமாக உயர்ந்தன.

ரத்தத்தில் டி.எம்.டி. உச்சத்துக்கு வர சராசரியாக 107 நிமிடம் பிடித்தது. இதை 20ஆம் நிமிட நாடித்துடிப்போடு சேர்த்துப் பாருங்கள். மருந்து முழுதாக ஏறும் முன்பே நாடி உச்சம் தொட்டுவிட்டது. கையில் ஊசி, சுற்றிலும் வெள்ளைக்காரர்கள், வழக்கமான சனிக்கிழமை இரவு மாதிரி இல்லாத சூழல், இந்தப் பதற்றத்துக்கும் அதில் பங்கு இருக்கும் என்பது என் ஊகம்.

ஆரோக்கியமான ஆணுக்கு மேற்சொன்ன எண்கள் பெரிய ஆபத்தில்லை, மாடிப்படி ஏறினாலே இதைவிட அதிகம் துடிக்கும். ஆனால் ஏற்கெனவே ரத்த அழுத்தம் 160/100 உள்ள ஒருவருக்கு அதன் மேல் பத்துப் புள்ளி ஏறுவது வேறு விஷயம். அப்படிப்பட்டவரைப் பற்றி இந்தச் சராசரிகள் ஒன்றும் சொல்லாது.

டெட்ராஹைட்ரோஹார்மின் மட்டும் தனிப் போக்கில் இருந்தது. ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய 532 நிமிடம், கிட்டத்தட்ட ஒன்பது மணி நேரம் ஆனது. காட்சிகள் நாலு மணி நேரத்தில் அடங்கிவிடும், வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்த பிறகும் செரோடோனின் மறு உறிஞ்சலைத் தடுக்கும் பொருள் உடம்பில் கொஞ்சம் இருக்கும்.

கால்வேயின் இன்னொரு கண்டுபிடிப்பு யாரும் எதிர்பார்க்காதது. யூ.டி.வி. உறுப்பினர்களின் ரத்தத் தட்டணுக்களில் செரோடோனினை உறிஞ்சும் இடங்கள் ஒப்பீட்டுக் குழுவைவிடக் கூடுதலாக இருந்தன. அடிக்கடி அடைக்கப்படும் வாசல்களுக்கு ஈடாக உடம்பு புதிய வாசல்களைத் திறக்கிறது என்பது ஒரு விளக்கம். இதை வைத்து 'ஆயாஹுவாஸ்கா மூளையைப் புதுப்பிக்கிறது' என்று பரப்புகிறவர்கள் உண்டு. தட்டணுவில் பார்த்ததை மூளைக்கு நீட்ட வேண்டுமானால் வேறு சான்று வேண்டும். தவிர, இந்த மாற்றம் நல்லதா கெட்டதா என்பதைத் தட்டணு சொல்லாது.

மனத்தில் கண்டது

உலக சுகாதார நிறுவனத்தின் மனநல நேர்காணல் முறையில் ஒவ்வொருவரையும் விசாரித்தார்கள். யூ.டி.வி.யில் சேரும் முன்பு ஐந்து பேருக்கு மதுப்பழக்கக் கோளாறு, இரண்டு பேருக்கு மனச்சோர்வு நோய், மூன்று பேருக்கு அச்சக் கோளாறு இருந்திருக்கிறது. ஆய்வு நடந்தபோது எதுவும் இல்லை. வாழ்க்கைக் கதையாகக் கேட்டபோது படம் இன்னும் இருண்டது. 15 பேரில் 11 பேர் ஒரு காலத்தில் மிதமாகவோ மோசமாகவோ மது குடித்தவர்கள். அவர்களில் ஐந்து பேர் குடித்துவிட்டுக் கைகலப்பில் இறங்கியவர்கள், இரண்டு பேர் அதற்காகச் சிறைக்குப் போனவர்கள். நாலு பேர் கோகெய்ன் போன்றவற்றையும் தொட்டிருக்கிறார்கள்.

எப்படி விட்டீர்கள் என்ற கேள்விக்கு வந்த பதில்கள் ஆச்சரியப்படும்படி ஒன்றுபோல இருந்தன. ஆரம்ப காலக் கூட்டங்களில் ஏதோ ஒன்றில், தான் போய்க்கொண்டிருக்கும் பாதை எங்கே முடியும் என்பதைக் காட்சியாகக் கண்டிருக்கிறார்கள். ஒருவர் கண்டது மருத்துவமனை, சிறை, சுடுகாடு என்று போகிற ஒரு முடிவு. பயம் உச்சத்துக்குப் போகும்போது குழுவை நிறுவிய கப்ரியேல் தோன்றிக் கைகொடுத்து மீட்பதும் பலர் சொன்னதில் வருகிறது. யூ.டி.வி. கோவில்களில் கப்ரியேலின் பெயர் ஒலிக்காத கூட்டம் கிடையாது. காட்சிக்கான கச்சாப்பொருள் எங்கிருந்து வந்தது என்பதற்கு ரொம்ப தூரம் போய்த் தேட வேண்டியதில்லை.

ஆளுமைச் சோதனையில் உறுப்பினர்கள் நிதானமும் ஒழுங்கும் விடாமுயற்சியும் நம்பிக்கையும் கூடியவர்களாக வந்தார்கள். சொற்பட்டியலைத் திரும்பத் திரும்பக் கேட்டு நினைவுகூரும் சோதனையில், ஐந்தாவது சுற்றில் ஒப்பீட்டுக் குழுவைவிடக் கூடுதல் சொற்களைச் சொன்னார்கள். புத்தி மழுங்கியதற்கு அடையாளம் இல்லை. அரசு கேட்ட கேள்விக்கு நேரான பதில் இது, அந்த அளவில் ஆய்வு தன் வேலையைச் செய்துவிட்டது.

அனுபவத்தின் தீவிரத்தை அளக்க அமெரிக்க மனநல மருத்துவர் ரிக் ஸ்ட்ராஸ்மன் உருவாக்கிய கேள்வித்தாளைப் பயன்படுத்தினார்கள். நியூ மெக்சிகோவில் டி.எம்.டி.யை நரம்பில் ஏற்றி ஆராய்ந்தபோது அவர் செய்தது அது. நரம்பில் ஏற்றியவர்களோடு ஒப்பிட்டால் இவர்கள் கொடுத்த மதிப்பெண்கள் மிதமானவை. பழக்கம், சூழல், வாய்வழியாக மெதுவாக ஏறுவது மூன்றுக்குமே பங்கு இருக்கலாம்.

பிறகு நடந்தது

முடிவுகள் 1994 முதல் 1999 வரை தனித்தனிக் கட்டுரைகளாக வந்தன. எனக்கு இவற்றில் முக்கியமாகப் படுவது 1998இல் க்ரோபும் கால்வேயும் எழுதிய ஒரு சிறிய எச்சரிக்கை. ஃப்ளூவாக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரையை எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் ஆயாஹுவாஸ்கா குடித்ததும் நடுக்கம், வியர்வை, குளிர், மனக்குழப்பம் என்று அவதிப்பட்டிருக்கிறார். மனாவுஸ் ரத்தத் தரவைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு இதன் காரணம் உடனே புரியும். செரோடோனினை உடைக்கும் நொதியைப் பானம் முடக்குகிறது, மாத்திரை மறு உறிஞ்சலை அடைக்கிறது, டெட்ராஹைட்ரோஹார்மினும் அதற்குத் துணைபோகிறது. செரோடோனின் வெளியேற வழியின்றித் தேங்குகிறது. இது முற்றினால் உயிருக்கே ஆபத்து. ஃப்ளூவாக்ஸெட்டின் உடலைவிட்டு முழுதாகப் போக ஐந்து வாரம் என்பதுதான் மருத்துவ வழக்கம். 'நேற்றே நிறுத்திவிட்டேன்' என்பது நிறுத்தியதாகவே ஆகாது, மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் திடீரென்று விடுவது தனி ஆபத்து.

2001இல் யூ.டி.வி. குடும்பங்களைச் சேர்ந்த பானம் குடித்துவந்த 40 பதின்வயதினரை, அதைக் குடிக்காத 40 பேரோடு ஒப்பிட்டார்கள். மனநலத்திலும் புத்திக்கூர்மையிலும் பெரிய வேறுபாடு இல்லை. அமெரிக்காவில் வழக்கு வேறு திசையில் போனது. 1999இல் நியூ மெக்சிகோவில் சுங்கத் துறை யூ.டி.வி.யின் பானத்தைப் பறிமுதல் செய்ய, குழு நீதிமன்றம் ஏறியது. 2006 பிப்ரவரி 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8-0 என்று குழுவின் பக்கம் நின்றது. தீர்ப்பின் அடிப்படை சமய சுதந்திரச் சட்டம். பானம் பாதுகாப்பானது என்று நீதிமன்றம் சான்றிதழ் கொடுக்கவில்லை, அரசுதான் தீங்கை நிரூபிக்க வேண்டும், நிரூபிக்கவில்லை என்றுதான் சொன்னது. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் தீர்ப்பை மேற்கோள் காட்டுவது இன்றுவரை நடக்கிறது.

மறுபடி செய்தால்

மனாவுஸ் ஆய்வின் பெரிய கோளாறு, அது தங்கிவிட்டவர்களை மட்டும் பார்த்தது என்பதே. பத்தாண்டுக்கு முன் அதே கோவிலுக்கு வந்து, இரண்டாவது கூட்டத்திலேயே மிரண்டு ஓடியவர் பட்டியலில் இல்லை. மனம் கலங்கி மருத்துவமனைக்குப் போனவர் இருந்திருந்தால் அவரும் இல்லை. பத்தாண்டு தாக்குப்பிடித்த 15 பேர் தெளிவாக இருக்கிறார்கள் என்றால், பானம் அவர்களைத் தெளிவாக்கியதா, தெளிவானவர்கள்தான் தாக்குப்பிடித்தார்களா என்பதை இந்த வடிவமைப்பால் பிரிக்கவே முடியாது. இதைக் க்ரோப் குழுவினரின் அறியாமை என்று சொல்லிவிட முடியாது. கையில் இருந்த பணத்துக்கும் நேரத்துக்கும் செய்யக்கூடியது அதுதான். ஆனால் மறுபடி செய்வதானால் புதிதாகச் சேருகிறவர்களை முதல் நாளிலிருந்து பின்தொடர வேண்டும், விட்டுப்போனவர்களையும் தேடிப்போய்க் கேட்க வேண்டும்.

இரண்டாவது, குடியை விட்டது பானத்தாலா சபையாலா என்ற கேள்வி. யூ.டி.வி. மதுவுக்கு எதிரான குழு. மாதம் இருமுறை உங்களைத் தெரிந்தவர்கள் கூடுகிறார்கள், உங்கள் மனைவியும் அங்கேயே இருக்கிறார், குடித்துவிட்டுப் போனால் முகத்தில் முழிக்க முடியாது. பானமே இல்லாத சபைகளிலும் இப்படித் திருந்தியவர்கள் எத்தனையோ பேர்.

போலி மருந்து கொடுத்து ஒப்பிடும் வேலையைப் பிற்பாடு வேறு சிலர் செய்தார்கள். பிரேசிலின் நத்தாலில், குறைந்தது இரண்டு வகை மாத்திரைகளுக்கு அசையாத மனச்சோர்வு உள்ள 29 பேரைப் பிரித்து, 14 பேருக்கு ஆயாஹுவாஸ்காவும் 15 பேருக்குப் போலிப் பானமும் ஒரே ஒரு முறை கொடுத்தார்கள். போலிப் பானத்திலும் கசப்பும் பழுப்பு நிறமும் இருந்தன. குமட்டல் வருவதற்காகத் துத்தநாக சல்பேட்கூடச் சேர்த்திருந்தார்கள். ஏழாம் நாள் ஆயாஹுவாஸ்கா குழுவில் 64 சதவீதம் பேருக்கும் மற்றக் குழுவில் 27 சதவீதம் பேருக்கும் நோய் பாதியாவது குறைந்திருந்தது. சபை இல்லை, கப்ரியேல் இல்லை, மருத்துவமனை அறைதான். பானத்துக்கென்று தனியாக ஒரு வேலை இருக்கிறது என்று நான் ஓரளவு நம்புவது இதை வைத்துத்தான், மனாவுஸை வைத்து அல்ல. அதே சமயம் மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு வரலாறு உள்ளவர்களை நத்தாலில் சேர்க்கவே இல்லை.

மிரண்டு ஓடியவர்களின் பக்கம் கொஞ்சமாவது தெரியவந்தது 2022இல் வெளியான உலகளாவிய கணக்கெடுப்பில். குடித்த அனுபவமுள்ள 10,836 பேரிடம் கேட்டதில் சுமார் 70 சதவீதம் பேர் வாந்தி, தலைவலி போன்ற உடல் தொல்லைகளைச் சொன்னார்கள். மருத்துவ உதவி தேவைப்பட்டது 2.3 சதவீதம் பேருக்கு. பிறகு வந்த வாரங்களிலோ மாதங்களிலோ மனநலத் தொல்லை ஏதாவது இருந்ததாகச் சொன்னவர்கள் 55.9 சதவீதம், ஆனால் இவர்களில் பெரும்பாலோர் அதை நல்லதற்கான வழியில் வந்த தொல்லை என்றே எடுத்துக்கொண்டார்கள். அதற்காக நிபுணர் உதவியை நாடியவர்கள் 12 சதவீதம் பேர். இதுவும் தானாக முன்வந்து பதில் சொன்னவர்களின் கணக்கு என்பதால் மனாவுஸின் நோய் இதற்கும் கொஞ்சம் உண்டு.

பெருவின் இக்கித்தோஸ் பக்கம் இன்று வெளிநாட்டவருக்காக நடக்கும் முகாம்களின் விளம்பரங்களில் மனாவுஸ் முடிவுகள் தாராளமாக எடுத்தாளப்படுகின்றன. மனாவுஸில் எடை பார்த்து அளந்து ஊற்றினார்கள், ஒவ்வொரு மி.லி.யிலும் என்ன இருக்கிறது என்று ஆய்வகம் சொன்னது, குடித்தவர்கள் பத்தாண்டு பழகியவர்கள். முகாமுக்கு வருகிறவர் முதல் முறை குடிப்பவர், பல சமயம் மனச்சோர்வு மாத்திரை எடுப்பவர், நாலு நாளில் ஊருக்குத் திரும்பி யாரிடமும் இதைப் பேச முடியாதவர். அங்கே பானம் காய்ச்சுகிறவர் வேறு செடிகளையும் சேர்ப்பதுண்டு. தோவே எனப்படும் ஊமத்தை இனச் செடி அவற்றில் ஒன்று, அதன் நஞ்சு டி.எம்.டி.யோடு எந்த விதத்திலும் சேராத தனி வகை. 137/92 என்ற மனாவுஸ் எண்ணை அந்தக் கோப்பைக்குப் பொருத்திப் பார்க்க வழியே இல்லை.